பைலட் வேலை: கட்டுநாயக்கவா, டுபாயா, லண்டனா, ரொறன்ரோவா?

பலாலிக்கு வந்து போகும் பயணிகள் விமானம் எது என்று வலிகாமத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும்: ஏடிஆர், இரண்டு காற்றாடி எஞ்சின், எழுபது சொச்சம் இருக்கை. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தது. கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ வந்தது, அடுத்த ஆண்டு திருச்சியும் சேர்ந்தது. அந்த ஏடிஆரைப் பார்த்து வளர்கிற எங்கள் பிள்ளைக்குத்தான் அதை ஓட்டும் வேலை எட்டாது. இந்தியக் கம்பனிகள் வெளிநாட்டு விமானிகளைத் தற்காலிக அனுமதியில்தான் எடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் அனுபவப்பட்ட கப்டன்மாரை. இலங்கை பாஸ்போட்டும் புது லைசன்ஸும் வைத்திருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அங்கே கதவு இல்லை.

அதனால் இந்த ஒப்பீட்டை நான் சம்பளத்தில் தொடங்கப் போவதில்லை.

நான் விமானி இல்லை. வளைகுடாக் கம்பனி ஒன்றில் விமானிகளுக்கு ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் எந்தப் பறப்பு என்ற வேலை அட்டவணை போடும் பிரிவில் வேலை செய்தவன். யார் எந்த நாளுக்கு லீவு கேட்டுக் கெஞ்சுகிறார்கள், எந்தப் பறப்பை யாருமே விரும்புவதில்லை, யார் திடீரென்று அடிக்கடி சுகயீன விடுப்பு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசைக்குத்தான் முதலில் தெரியவரும். கொக்குவிலுக்குத் திரும்பிய பிறகு தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணை, எவ்வளவு சம்பளம்?” நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பாஸ்போட், எங்கே குடியிருக்க விருப்பம், நல்லூர்த் தேருக்கு ஊரில் நிற்க வேண்டுமா?

கடைசிக் கேள்வியைப் பகிடி என்று நினைக்கிறார்கள். இல்லை. நல்லூரின் 25 நாள் திருவிழா ஆடி, ஆவணியில் வரும். 24ஆம் நாள் தேர். உலகத்தில் பெரும்பாலான விமானக் கம்பனிகளுக்கு அதுதான் கோடை விடுமுறைக் காலம், ஒரு விமானியையும் விட மனம் வராத காலம். அந்த நாளில் லீவு தருகிற கம்பனி எது, எத்தனை வருடம் கழித்துத் தரும் என்று பார்த்தால் மற்ற எல்லாமே வெளிவந்துவிடும். கீழே ஒவ்வொன்றையும் இந்தத் தேர்ச் சோதனையில் வைத்தும் பார்த்திருக்கிறேன்.

காணியை ஈடு வைக்க முன்னர்

வர்த்தக விமானி லைசன்ஸுக்கு வழக்கமாக 200 மணித்தியாலப் பறப்பு. கப்டனாவதற்கான லைசன்ஸுக்கு 1500 மணித்தியாலம். இலங்கையில் பயிற்சி என்றால் பெரும்பாலும் இரத்மலானைதான். அங்கே தங்குமிடம், சாப்பாடு, பறப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் காணியைத் தின்றுவிடும். எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருவதால், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகள் உண்டு.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, பிறகு காசு. நிறப் புள்ளிகளுக்குள் இலக்கத்தை வாசிக்கச் சொல்லும் அந்தப் பரிசோதனையில்தான் பலருக்கும் தங்களுக்கு நிறக்குறைபாடு இருப்பதே முதன்முதலில் தெரியவரும். ஆண் பிள்ளைகளில் இது அரிதான விஷயம் இல்லை. முதல் தவணை கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

இன்னொன்று. 200 மணித்தியாலத்தோடு லைசன்ஸ் எடுத்தவருக்கும் முதல் வேலைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரிய கம்பனிகளின் விளம்பரங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்களுக்கானவை. டுபாயா லண்டனா என்று விவாதிக்கிற வீடுகளில், பிள்ளைக்கு முதல் ஆசனத்தை யார் கொடுப்பார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

கட்டுநாயக்க

அந்த முதல் ஆசனத்தை இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கொடுக்கக்கூடியவை உள்ளூர்க் கம்பனிகள்தான். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ், எயார்பஸ் ஏ320 வைத்திருக்கும் ஃபிட்ஸ்எயார், பிறகு சின்ன செஸ்னாக்களில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் நிறுவனங்கள். ஸ்ரீலங்கனில் ஏ320 குடும்பமும் ஏ330உம் இருப்பதால் சிறிய விமானத்தில் தொடங்கிப் பெரியதற்குப் போகும் பாதை ஒரே கம்பனிக்குள் இருக்கிறது. மாலைதீவு, சென்னை, திருச்சி என்று குறுகிய பறப்புகள் நிறைய. அப்படிப்பட்ட நாளில் இரவுச் சாப்பாடு வீட்டில். விமானிகளுக்குச் சங்கம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 8 சதவீதம், கம்பனி 12 சதவீதம் கட்டும், அதற்கு மேல் நம்பிக்கை நிதி 3 சதவீதம்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பனி அரசாங்கத்தினுடையது, பல வருட நட்டம். விற்கப் போகிறோம், விற்கவில்லை என்று மாறி மாறிச் செய்தி வந்தது. மாற்று எஞ்சின் கிடைக்காமல் சில விமானங்கள் நிலத்தில் நின்றன. விமானம் நின்றால் விமானிக்குப் பறப்பு மணித்தியாலம் குறையும், கப்டனாகும் வரிசையும் நகராது. 2022இல் எரிபொருள் இல்லாமல் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து வருமான வரியின் உச்ச வீதம் 36 சதவீதமானது. ரூபாவும் விழுந்து வரியும் ஏறியபோது கையில் மணித்தியாலம் இருந்த பல விமானிகள் வெளிநாடு போனார்கள். அவர்கள் விட்டுப்போன ஆசனங்கள்தான் பின்னால் வந்தவர்களுக்கு வாய்ப்பானது என்பதையும் மறக்கக்கூடாது.

வாழ்க்கைத் தரம்? இலங்கைக்குள்தானே என்று அம்மாமார் நினைப்பார்கள். ஆனால் ஏ9 வழியாக இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். மூன்று நாள் ஓய்வு கிடைத்தால் வரவும் போகவுமே பாதி கரைந்துவிடும். ஆகவே குடும்பம் வத்தளைக்கோ நீர்கொழும்புக்கோ பெயரும். காக்பிட்டில் ஆங்கிலம் போதும், அங்கே அன்றாட வாழ்க்கைக்குச் சிங்களம் தெரிந்திருந்தால் நல்லது. ஸ்ரீலங்கனுக்கு முன்னர் இருந்த எயார் சிலோனின் முதல் பறப்பே 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் தரித்து மதராசுக்குப் போனது. எண்பது வருடம் ஆகப் போகிறது, பலாலியைத் தளமாகக் கொண்டு விமானிகளை வைத்திருக்கும் கம்பனி இன்றும் ஒன்றில்லை.

தேர்ச் சோதனை: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்டால் கிடைக்கலாம். மேலதிகாரிக்கு நல்லூர் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பது ஒரு வசதி.

டுபாய், டோஹா

யாழ்ப்பாணத்தில் பைலட் வேலை என்றால் எமிரேட்ஸ்தான் முதலில் வாயில் வரும். வாயில் வருவதில் நியாயம் இருக்கிறது. பாஸ்போட் பார்ப்பதில்லை, மணித்தியாலம்தான் பார்ப்பார்கள். வருமான வரி இல்லை. வீடு, அல்லது வீட்டுக்கான பணம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவி. வருடத்துக்கு 42 நாள் லீவு. பயணிகள் பிரிவில் எல்லாமே பெரிய விமானங்கள்: ஏ380, 777, 2025 தொடக்கத்திலிருந்து ஏ350. கட்டார் எயார்வேஸும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆனால் அங்கே ஏ320 போன்ற சிறிய விமானங்களும் உண்டு. ஃப்ளைடுபாய் முழுக்கச் சிறிய 737, அதனால் பெரும்பாலும் போய்த் திரும்பும் பறப்பு, வெளியூரில் தங்கும் இரவு குறைவு.

நான் வேலை செய்த கம்பனியின் பெயரை விட்டுவிடுவோம். அந்த மேசையில் நான் போட்ட மாதிரித் தாள் ஒன்றை விரித்துக் காட்டுகிறேன். பெரிய விமானத்தில் துணை விமானி, சாதாரண மாதம்.

முதல் கிழமை, இரவு ஒரு மணிக்குக் கடமைக்கு வருகை. இந்திய நகரம் ஒன்றுக்குப் போய் அதே விமானத்தில் திரும்பி, காலை பத்து மணி வெயிலில் வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மனைவி வேலையில், வெளியே 42 பாகை. தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரை கொள்ளப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் ஓய்வு என்று தாளில் இருக்கும். அது உண்மையில் இரவு விழித்ததற்கு உடம்பு அறவிடும் கடன். பிறகு ஐரோப்பா, அங்கே ஒரு நாள், திரும்புதல். இரண்டு நாள் இடைவெளி. பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரை: ஒரு பக்கத்துக்கு ஏறக்குறையப் பதினாறு மணித்தியாலம், நான்கு விமானிகள், முறைவைத்து விமானத்துக்குள்ளேயே படுக்கை. திரும்பி வந்தவருக்குப் பசி எப்போது, நித்திரை எப்போது என்று அவருக்கே தெரியாது. மாதக் கடைசியில் நாலைந்து நாள் ஸ்டாண்ட்பை, கூப்பிட்டால் உடனே போக, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இந்தத் தாளின் கீழே 88 மணித்தியாலம் என்று எழுதியிருக்கும். மாதம் 88 மணித்தியால வேலையா, கச்சேரியில் கிளார்க்கே இதைவிடக் கூடச் செய்கிறாரே என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். அந்த 88, விமானம் அசையத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் வரைக்குமான கணக்கு. முன்கூட்டியே வந்து செய்யும் ஆயத்தம், பஸ், ஹோட்டல், ஸ்டாண்ட்பை, சிமுலேட்டர் ஒன்றும் அதற்குள் வராது. ஐரோப்பியச் சட்டத்தில் 28 நாளுக்கு 100 மணித்தியாலம், ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 900 மணித்தியாலம் என்று உச்சவரம்பு இருக்கிறது. மற்ற நாடுகளிலும் இதை ஒட்டித்தான். எல்லாக் கம்பனிக்கும் உச்சவரம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு எவ்வளவு அருகில் மாதாமாதம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆனாலும் வளைகுடாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு ஜெட் அனுபவம் வந்த பிறகு, ஒரு நாட்டின் குடியுரிமையும் கேட்காமல் இவ்வளவு மிச்சம் பிடிக்கத் தரும் இடம் வேறு இல்லை. பத்து வருடம் கட்டுப்பாடாக இருந்தால் ஈட்டிலிருக்கும் காணியும் திரும்பும், வீடும் எழும்பும். பிரச்சினை பத்து வருடத்துக்குப் பிறகு. பிள்ளைகள் பல்கலைக்கழக வயதுக்கு வரும்போது அந்த நாடு உங்களுடையது இல்லை என்பது உறைக்கும். விசா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே போகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை, ஆகவே ரோஸ்டர் பிடிக்கவில்லை என்றால் தனியாகத்தான் கதவைத் தட்ட வேண்டும்.

தேர்ச் சோதனை: லீவுக்கு முன்னுரிமை சுழற்சி முறையில் வரும் கம்பனி என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை ஓகஸ்ட் கிடைக்கும். மற்ற வருடங்களில் யூடியூப் நேரலைதான், அதுவும் ஏதாவதொரு ஹோட்டல் அறையில்.

லண்டன்

இது பெரும்பாலும் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கும் பெறாமக்களுக்கான பகுதி. இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு இரண்டு பூட்டு: அங்கே வேலை செய்யும் உரிமை வேண்டும், பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனின் தனி லைசன்ஸும் வேண்டும். ஐரோப்பிய லைசன்ஸை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பதிவுள்ள விமானத்தை இனி ஓட்ட முடியாது.

அந்த உரிமை உள்ள பிள்ளைக்கு இப்போது நல்ல காலம். சொந்தக் காசில் பயிற்சி எடுத்தால் ஒரு இலட்சம் பவுண் தாண்டும். பிரிட்டிஷ் எயார்வேஸ் அந்தச் செலவைத் தானே ஏற்கும் ஸ்பீட்பேர்ட் பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. விண்ணப்பம் ஆயிரக்கணக்கில் குவியும், இடம் கொஞ்சம். இருந்தாலும் வீட்டை அடகு வைக்க முன்னர் அதற்கு ஒருதடவை போட்டுப் பார்க்காமல் விடுவது எனக்கு விளங்கவில்லை.

வாழ்க்கைத் தரத்தில் நான் ரயன்எயாரை எடுத்துப் பேசினால் சனம் சிரிக்கும். பயணிகளுக்கு அது மலிவுக் கம்பனி. விமானிக்கு அது ஐந்து நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு, இரவில் சொந்தக் கட்டில். ஐந்து நாள் காலைப் பறப்பு, நான்கு நாள் ஓய்வு, ஐந்து நாள் பின்னேரப் பறப்பு என்று சக்கரம் சுற்றும். பள்ளிக்கூடக் கால அட்டவணை மாதிரி, அடுத்த வருடம் எந்த நாள் ஓய்வு என்று இன்றைக்கே எண்ணிச் சொல்லலாம். ரோஸ்டர் மேசையில் இருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். நான்கு பறப்பு அடித்துக் களைத்து வந்தாலும், களைப்பு உங்கள் ஊர் நேரத்துக்குள்ளேயே இருக்கும். ஈசிஜெட்டும் தளத்துக்குத் திரும்பும் வகைதான். நீண்டதூரத்தின் மவுசு பிரிட்டிஷ் எயார்வேஸில், ஆனால் அங்கே மூப்புப் பட்டியல்: யார் முதலில் சேர்ந்தாரோ அவருக்கு நல்ல ரோஸ்டர்.

பகுதி நேர ஒப்பந்தம் பிரிட்டனில் புழக்கத்தில் உள்ள விஷயம். மகளை விமானியாக்கலாமா என்று கேட்கும் வீடுகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வது. குழந்தை பிறந்த பிறகு பாதி ரோஸ்டரில் ஓடி, பிறகு முழுதாகத் திரும்பக்கூடிய இடம் உலகத்தில் பல இல்லை. வரி கடிக்கும், மறுப்பதற்கில்லை. 50,270 பவுணுக்கு மேல் 40 சதவீதம், 125,140க்கு மேல் 45. ஆனால் அந்த வரியில்தான் பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அடங்கியிருக்கின்றன. டுபாய்ச் சம்பளத்தை லண்டன் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

தேர்ச் சோதனை: ஐந்துக்கு நான்கு சக்கரத்தில் ஓய்வு நாள் தேரோடு பொருந்தினால் கம்பனியிடம் லீவு கேட்கவே தேவையில்லை. நான்கு நாளில் லண்டனிலிருந்து நல்லூர் போய் வருவது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் செய்கிறவர்கள் இருப்பார்கள்.

ரொறன்ரோ

கனடாவில் எல்லாம் ஒரே ஒரு இலக்கத்தில் நிற்கிறது, மூப்பு இலக்கம். எந்த விமானம், எந்த நகரம், எந்த மாதம் லீவு, எப்போது கப்டன் எல்லாம் அந்த இலக்கம்தான் தீர்மானிக்கும். கம்பனி மாறினால் இருபது வருட அனுபவத்தோடும் போய்க் கடைசியில் நிற்க வேண்டும். ஆகவே அங்கே கேட்க வேண்டியது எந்தக் கம்பனி நல்லது என்பதல்ல. எந்தக் கம்பனியில் முப்பது வருடம் இருக்கத் தயார் என்பதுதான்.

ஸ்காபரோ, மார்க்கம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. பயிற்சிக்கு இப்போது ஒஷாவா, பீற்றர்பரோ என்று ஓட வேண்டும். லைசன்ஸ் எடுத்ததும் வடக்கே போவது அங்கே பழைய மரபு: தண்டர்பே, தொம்ப்சன், யெலோநைஃப் போன்ற ஊர்கள். முதல் வருடம் விமானம் ஓட்டக்கூடக் கிடைக்காமல், மைனஸ் முப்பதில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டுப் பிறகு ஆசனத்துக்கு வருவார்கள். கந்தசஷ்டிக்கு மரக்கறி தேடி அலைவதைவிடக் கஷ்டம் பனியில் சிறகைச் சுத்தம் செய்வது என்று அங்கிருந்து வந்த பொடியன் ஒருவன் சொன்னான். அந்தக் குளிரைத் தாங்கினவர்கள் நல்ல விமானிகளாக வருகிறார்கள், ஆனால் எல்லோராலும் தாங்க முடியாது. கலியாணம் பேசும் வயதில் தாய் தகப்பனாலும் தாங்க முடியாது.

மேலே போன பிறகு நிலைமை மாறியிருக்கிறது. எயார் கனடா விமானிகள் 2024 செப்டெம்பரில் வேலைநிறுத்த விளிம்பு வரை போய், நான்கு வருடத்தில் மொத்தமாகச் சுமார் 42 சதவீத உயர்வு வாங்கினார்கள். அதற்கு முந்திய வருடம் வெஸ்ட்ஜெட் விமானிகளுக்கு 24 சதவீதம். எயார் கனடாவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கு வருடம் நிலையான குறைந்த சம்பளத்தில் கிடந்தார்கள், அந்தக் காலமும் புது ஒப்பந்தத்தில் சுருங்கியது. விளம்பரங்களில் கப்டன் சம்பளத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதல் சில வருடச் சம்பளத்தைக் கேட்பதில்லை. அந்த வருடங்களில்தான் ஸ்காபரோவில் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சம்பளம் இதைவிடக் கூட, டெல்டா விமானிகள் 2023இல் நான்கு வருடத்துக்கு 34 சதவீதம் வாங்கினார்கள். கிரீன் கார்ட் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்ச் சோதனை: பதினைந்து வருடம் பொறுங்கள். அதுவரைக்கும் உங்களுக்கு லீவு பெப்ரவரியில்.

மாலைதீவுக் கடல்விமானம், பிறகு ஒப்பந்தக் கப்டன்

மாலைதீவை எங்கள் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. உலகத்தின் மிகப் பெரிய கடல்விமானக் கம்பனியான ட்ரான்ஸ் மோல்டீவியன் அங்கேதான் இருக்கிறது. ட்வின் ஒட்டர் விமானம், வெறுங்காலோடு விமானி, பகல் வெளிச்சத்தில் மட்டும் பறப்பு. இரவுப் பறப்பே இல்லாத விமானி வேலை வேறெங்கே கிடைக்கும்? ஆனால் ஒரு நாளில் எத்தனையோ தடவை தண்ணீரில் இறங்கி ஏறுவது உடம்பை முறிக்கும், உப்பு வெயில் வேறு. துணை விமானி ஆசனத்தில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. ஜெட் மணித்தியாலமும் சேராது.

யாழ்ப்பாணத்திலேயே குடியிருந்துகொண்டு பெரிய விமானம் ஓட்ட ஒரே வழி, ஒப்பந்தக் கப்டன். கிழக்காசியாவில் சில கம்பனிகள் முகவர் நிறுவனம் ஊடாக வெளிநாட்டுக் கப்டன்களை எடுத்து, இத்தனை கிழமை வேலை, இத்தனை கிழமை வீடு என்று தொகுதியாக லீவு கொடுக்கும். வீட்டில் நிற்கும் கிழமைகளில் முழுதாக வீட்டில் நிற்கலாம், தோட்டத்துக்குத் தண்ணி கட்டலாம், பிள்ளையை டியூசனுக்கு ஏற்றி இறக்கலாம். ஆனால் கப்டனாகி ஆயிரக்கணக்கில் மணித்தியாலம் சேர்ந்த பிறகுதான் இந்தப் பேச்சு. முகவர் ஒப்பந்தத்தில் ஓய்வூதியம் இல்லை, சுகயீனமாகக் கிடந்தால் சம்பளம் வருமா என்பதைச் சின்ன எழுத்தில் தேட வேண்டும். 2020இல் விமானங்கள் நின்றபோது வேலை இல்லை என்று முதலில் தொலைபேசி வந்தது இவர்களுக்குத்தான்.

கெட்ட நாளில் யார் கைகொடுப்பார்கள்

கம்பனிகளை ஒப்பிட நல்ல வருடம் உதவாது. 2020ஐப் பாருங்கள். எமிரேட்ஸ் நூற்றுக்கணக்கான விமானிகளை நிறுத்தியது. பிரிட்டிஷ் எயார்வேஸில் விமானிகளின் சங்கமான பால்பா பேச்சுவார்த்தை நடத்தி, எல்லோரும் தற்காலிகமாக 20 சதவீதச் சம்பளக் குறைப்பை ஏற்று, வேலை இழப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. இரண்டிலும் வலி இருந்தது. ஒன்றில் வலியைப் பங்கு போட்டார்கள், மற்றதில் சிலர் தலையில் முழுதாக விழுந்தது.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கெட்ட நாள் இருக்கிறது, சீனி வருத்தம். நாற்பது தாண்டியதும் வீட்டுக்கு ஒருவருக்கு வருகிற நோய் இது. இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் சர்வதேச விதியின்படி விமானிக்கு மருத்துவச் சான்று கிடையாது. பிரிட்டனும் கனடாவும் கடும் கண்காணிப்போடு அனுமதிக்கின்றன: பறப்பின்போதே சீனி அளந்து பதிய வேண்டும். மற்றப் பல இடங்களில் அன்றோடு வேலை முடிந்தது. சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் எந்த அட்டவணையிலும் தெரியாது. லைசன்ஸ் இழப்புக் காப்புறுதி கம்பனி போடுகிறதா, நாங்களே போட வேண்டுமா என்று கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது விசர் வேலை.

இந்தியாவில் நடந்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை இல்லாவிட்டாலும். அங்கே புது விதியில் வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆனது, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ அதற்கு ஏற்ற ஆட்கள் இல்லாமல் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகளை ரத்துச் செய்தது. விமானிக்குக் கூட ஒரு பன்னிரண்டு மணித்தியாலம் நித்திரை கொடுத்தவுடன் ஆட்டம் காணும் ரோஸ்டர், அதுவரை எவ்வளவு இறுக்கமாக ஓடியிருக்க வேண்டும்!

சரி, யாருக்கு எது

இலங்கைப் பாஸ்போட்டோடு இங்கே உயர்தரம் எழுதும் பிள்ளை: கட்டுநாயக்கவில் முதல் ஆசனம், ஏ320இல் மணித்தியாலம், பிறகு வளைகுடா, கடன் தீர்ந்து கப்டனானதும் ஒப்பந்த வேலை. இந்த ஒழுங்கில் போனால் நாற்பதுகளில் ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கலாம். நேரே எமிரேட்ஸ் என்று யாராவது விளம்பரம் காட்டினால் அந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து தள்ளி நில்லுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ள பிள்ளைக்கு, குடும்பம் முக்கியம் என்றால் குறுகியதூரக் கம்பனி, காசு முக்கியம் என்றால் பத்து வருட டுபாய். இரண்டையும் ஒரே நேரத்தில் தருவதாகச் சொல்லும் கம்பனியை நான் இன்னும் காணவில்லை. கனடாப் பிள்ளை எவ்வளவு சீக்கிரம் பெரிய கம்பனியின் பட்டியலில் இலக்கம் எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது, நல்ல ஜக்கெட்டும் ஒன்று வாங்கி வைக்கட்டும்.

நேர்முகத்துக்குப் போனால் அவர்கள் காட்டும் மாதிரி ரோஸ்டர் அனேகமாக ஏதோ ஒரு அமைதியான மாதத்தினுடையது. அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, அதே தளத்தில் அதே விமானம் ஓட்டும் ஒருவரைப் பிடித்து அவருடைய ஓகஸ்ட் ரோஸ்டரையும் டிசம்பர் ரோஸ்டரையும் கேளுங்கள். ஓய்வு நாட்களை எண்ண வேண்டாம். இரவு பன்னிரண்டுக்கும் காலை ஆறுக்கும் இடையில் எத்தனை தடவை வேலை விழுகிறது, வெளியிட்ட பிறகு தாள் எத்தனை தடவை மாறியது, இந்த இரண்டை மட்டும் எண்ணினால் போதும்.